ரெண்டாவது வீட்டில் வந்த பக்கம்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. புரட்டாசி மாதம், ஆரணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு மெடிக்கல் ஷாப்பில் நான் வேலை பார்க்கிறேன். அப்போதும் அதே கவுன்டர்தான், இப்போதும் அதே கவுன்டர்தான்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுவும் நாவல் என்று பேச்சு வந்துவிட்டால் என்னைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. நான் பிறந்தது போளூர் போகிற வழியில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். வீட்டில் புத்தகம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகம் மட்டும்தான். டி.பார்ம் படிக்கும்போது ஹாஸ்டலில் யாரோ விட்டுப்போன ஒரு நாவலை எடுத்துப் புரட்டினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை. எங்கள் வம்சத்திலேயே நாவல் படிக்கிற முதல் ஆள் நான்தான் என்று மனசுக்குள் ஒரு கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் ஊரில் நாவல் படிக்கிறவர்கள் பதினோரு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அட்மின் நான். மாதம் ஒரு நாவல் முடிவு செய்து மூன்று பிரதி வாங்குவோம். கைமாற்றிப் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டிபன் கடை மாடியில் கூடிக் கருத்துச் சொல்லுவோம். இரண்டே இரண்டு சட்டம். படிக்காமல் வரக் கூடாது. எதைச் சொன்னாலும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டையும் போட்டது நான். அதற்குப் பயந்தே நாலு பேர் ஓடிப்போனார்கள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

அந்தக் குழுவில் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பட்டுத் தறி இருக்கிற வீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைக்கிற வேலை என்று சேரும்போது சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன், அது என்ன வேலை என்று விசாரிக்கக்கூட இல்லை. ஆரணியில் இத்தனை வருஷம் குடியிருந்துகொண்டு ஒரு தறி வீட்டுக்குள் கால் வைக்காதவள் நான். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்ததோடு சரி.

அவர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். மூன்று பிரதியில் ஒன்று மாதம் முழுக்க அவரிடமே இருக்கும். கேட்டால் இன்னும் முடியவில்லை என்பார். கூட்டத்தில் தன் கருத்து என்று எதையும் சொல்ல மாட்டார். "ஒருத்தர் இப்படிச் சொன்னாரு", "ஒருத்தங்களுக்கு அந்த அண்ணன்காரன் செஞ்சது புடிக்கலீங்க" என்றுதான் பேசுவார். யாரந்த ஒருத்தர்? நெட்டில் எங்கேயோ விமர்சனம் பார்த்துவிட்டு வந்து ஒப்பிக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தப் புரட்டாசியில் எடுத்தது ஒரு தடியான நாவல். உப்பளத்தில் வேலை செய்கிற ஓர் அம்மா, அவளுடைய ஒரே மகள், இவர்களுடைய கதை. ஒரே மாதத்தில் முடியாது என்று, முதல் பாதிக்கு ஒரு கூட்டம், மறுபாதிக்கு ஒரு கூட்டம் என்று வைத்துக்கொண்டோம். முதல் பாதி முடிகிற இடத்தில் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் முழுக்க ஜனம். ஆனால் பெற்ற அம்மா வரவில்லை. விடியற்காலையில் எழுந்து வழக்கம்போல உப்பு வாரப் போய்விடுகிறாள்.

கூட்டத்தில் நான்தான் முதலில் பேசினேன். பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன். இந்த அம்மா கல்நெஞ்சக்காரி, அவள் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம்கூட எழுதியவர் வைக்கவில்லை, வாசகரை ஏமாற்றிவிட்டார், இந்த நாவலை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் மட்டும் மெதுவாக, "காரணம் இருக்குதுங்க மேடம். பொண்ணு சொன்னதை அந்தம்மா கேட்டுட்டாங்க" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"பக்கம் தெரியாதுங்க. ரெண்டாவது வூட்டுல வந்துச்சு. அங்கதான் கேட்டேன்."

கேட்டேன் என்கிறார், படித்தேன் என்று சொல்லவில்லை. அது போதாதா எனக்கு? "அப்ப நீங்க படிக்கவே இல்ல. யாரோ சொன்னதைக் கேட்டுகினு வந்து எங்ககிட்ட கதை அளக்கறீங்க. இத்தினி மாசமா இதான் நடந்துகினு இருக்குதா? நான் முதல் பக்கத்துலேர்ந்து முழுசாப் படிச்சவ. நீங்க சொல்ற மாதிரி ஓர் இடமே இந்த நாவல்ல கிடையாது" என்றேன். யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. படிக்கிறவர்கள் மட்டும் வரட்டும், பொழுதுபோகாமல் யாரும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல அதற்குக் காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் வரேங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அன்று மாலையே குழுவிலிருந்தும் விலகிவிட்டார். சனியன் விட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது இதை எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சலாக வருகிறது.

பத்து, பன்னிரண்டு நாள் போயிருக்கும். கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். நெசவாளி, மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டும் அவர் நகரவில்லை. கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றுவிட்டு, "ஏம்மா, அந்த உப்பளத்து அம்மா பொண்ணோட சேந்துட்டாங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ சொந்தக்காரரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, எந்த அம்மா என்றேன்.

"அதாம்மா, கல்யாணத்துக்குப் போவாம உப்பு வாரப் போனாங்களே, அவங்கதான். எங்க வூட்டுக்கு அந்தக் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துச்சு. அத்தோட நிக்குது. பாவு பிணைக்க வர்ற பொண்ணைக் கேட்டா, புக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லுது. மெடிக்கல் ஷாப்புக்கார மேடம்தான் புக்கு குடுக்கறவங்கன்னு எப்பவோ சொல்லிச்சு. அதான் உன்னையே கேட்டுடலாம்னு வந்தேன். மனசு ஒரே பேஜாரா இருக்குதும்மா."

அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விவரமாகக் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல என் காது சூடாகிக்கொண்டே வந்தது.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், தறியில் மிச்சமிருக்கிற பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. காலையில் தறிக்குள் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியாது. கையும் கண்ணும் இழையிலேயே இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். நாள் முழுக்க மெல்லிசுப் பட்டு இழையையே பார்த்துப் பார்த்து, சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்தால் அந்தப் பெண்ணுக்கு எழுத்தெல்லாம் அலைகிறதாம். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எந்த வீட்டில் பாவு பிணைக்கப் போனாலும் புத்தகம் கூடவே போகும். அந்த வீட்டில் யாராவது ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். டி.வி. கூடாது. அதுதான் அவர் போடுகிற கண்டிஷன்.

ஒரு வீட்டில் மூன்று அத்தியாயம், நாலு அத்தியாயம் ஓடும். மறுநாள் வேறு வீடு, அங்கே அடுத்த அத்தியாயங்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் அதுவரை நடந்த கதையை இவர் வாயால் சொல்லிவிடுவார். இப்படி ஒரு நாவல் எட்டு, ஒன்பது வீடுகளில் புகுந்து வெளியே வருகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டுதான் கிடைக்கும். முழுதாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அடுத்த பாவுக்கு அதே வீட்டுக்குப் போகும்போது, போன நாவல் எப்படி முடிந்தது, மற்ற வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்காரவே முடியுமாம்.

"ஒருத்தர் சொன்னாரு" என்று அவர் பேசியதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தர், ஒருத்தர் என்று அவர் சொன்ன அத்தனை பேரும் நிஜமான ஆட்கள். அவர்களில் ஒருவர் பிரஷர் மாத்திரைப் பையோடு என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பதினோரு பேர் பெரிய வாசகர்கள் என்று மாடியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது, கீழே நெசவுத் தெருக்களில் ஒன்பது வீடு அதே நாவலைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் இன்னொரு வீட்டு மருமகள் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க வந்தாள். அவளும் அதையே கேட்டாள். முடிவைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "ஐயோ, வாயால சொல்லிடாதீங்கக்கா. படிச்சுதான் கேக்கணும். வியாழக்கிழமை எங்க வூட்டுக்குத்தான் பாவு பிணைக்க வர்றாங்க. புக்கு மட்டும் குடுங்க" என்றாள். புத்தகத்தை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. காக்கி அட்டை போட்ட அதே பிரதியை எடுத்துக்கொண்டு போனேன். வாசல்வரை போய்விட்டேன், உள்ளே நுழைய வெட்கமாக இருந்தது. மருமகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தறிக்குள், பழைய பாவுக்கும் புதுப் பாவுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில், விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல். அதைத் தொட்டுக்கொள்வதும், இந்தப் பக்கம் ஓர் இழை, அந்தப் பக்கம் ஓர் இழை எடுத்து ஒரே முறுக்கில் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதும் கண் சிமிட்டுகிற நேரத்தில் நடந்தது. என் கண்ணால் அந்த விரல்களைப் பின்தொடர முடியவில்லை. எந்த இழையை எடுத்தார், எப்போது முறுக்கினார் என்றே தெரியவில்லை.

"வாங்க மேடம்" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபத்திலா, வேலையிலா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு, "நான் படிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் இன்னும் நாலைந்து இழைகளை முறுக்கினார். பிறகு, "கல்யாணத்துக்கு முன்னால உப்பு வார்ற இடம் ஒண்ணு வரும், ஒவ்வொரு வூடும் ஆரம்பிச்ச பக்கத்துல ஒரு நூல் வெச்சிருக்கேன், ரெண்டாவது நூலைப் பாருங்க. இந்த வூட்டுல அதை வாயாலதான் சொன்னேன். அங்கேர்ந்து படிங்க" என்றார்.

பிரித்தேன். உப்பளம் பற்றிய வர்ணனை. பாத்தியில் தண்ணீர் எப்படிக் கட்டுவார்கள், உப்பு எப்படிப் பூக்கும், அதை எப்படி வாரிக் குவிப்பார்கள் என்று மூன்று பக்கத்துக்குப் போகிறது. எந்த நாவலிலும் இப்படி வர்ணனை வந்தால் கண்ணை மேலிருந்து கீழே ஓடவிட்டு, அடுத்த பேச்சு வருகிற இடத்துக்குத் தாவிவிடுவது என் பழக்கம். எத்தனையோ நாவல்களில் அப்படித் தாண்டியிருக்கிறேன். ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது தாண்ட முடியாதே. எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். மாமியார்க்காரி வேறு, உப்பு பூக்கிற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

இரண்டாவது பக்கத்தின் நடுவில், உப்புக் குவியல் எத்தனை உயரம் என்று சொல்லிக்கொண்டே வந்த வாக்கியத்துக்கு அடுத்து நாலு வரி வந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் மகள் தன் தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அம்மா பந்தி பரிமாற வந்தால், வெடித்துப்போன அந்தக் கையை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே, எனக்கு மானமே போய்விடும் என்கிறாள். இந்தப் பக்கம் குனிந்திருந்த அம்மா வாருகிற பலகையை நிறுத்தவில்லை. அன்று கடையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவ்வளவுதான், மறுபடியும் உப்பைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாலு வரியை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முழுசாகப் படித்தவள் என்று பதினோரு பேர் நடுவில் மார்தட்டியவள் நான். காரணமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னவள் நான். அந்தப் பக்கத்தைக் காதால் கேட்டவரைத்தான், படிக்காதவள் என்று சொல்லித் துரத்தியிருக்கிறேன்.

மேலே படிக்காமல் நிறுத்திவிட்டேன். அவர் விரல் மட்டும் நிற்கவில்லை.

"பக்கம் இன்னாங்க மேடம்?" என்றார்.

"நூத்திப் பதினேழு" என்றேன்.

"நான் ரெண்டாவது வூடுன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். மருமகள் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"எனக்கு எப்படிங்க இது கண்ணுல படாமப் போச்சு?" என்று கேட்டேன்.

"உங்க கண்ணு ஜல்தியா ஓடுதுங்க. வாயி அப்பிடி ஓடாது இல்ல" என்றார். அதில் குத்தலே இல்லை, இழை அறுந்தால் எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அன்று பொழுது சாயும்வரை படித்தேன். அதற்குப் பிறகு கடைசி அத்தியாயம் தவிர மிச்சத்தை மற்ற வீடுகள் படித்து முடித்தன. கடைசி அத்தியாயத்தை எல்லோரும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றேன். அமாவாசையன்று கூடலாம் என்று அவர் சொன்னார். அமாவாசைக்கு அங்கே யாரும் தறி ஓட்டுவதில்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். என் குழுவில் இருக்கிறவர்களையும் கூப்பிட்டேன். அதே மருமகள் வீட்டுக் கூடத்தில், காலை பத்து மணிக்கு முப்பது பேர் கூடிவிட்டோம்.

அங்கே நடந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் கதையை ஒரு தரம் ஓட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். முதல் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவர் விட்ட இடத்தில் இரண்டாவது வீட்டு அம்மா எடுத்துக்கொண்டார், அவர் விட்ட இடத்தில் மூன்றாவது வீடு. பிரஷர் மாத்திரைப் பெரியவர் கல்யாணப் பந்தியைச் சொன்னபோது இலையில் என்னென்ன வைத்தார்கள் என்பதுவரை சொன்னார். அந்த வீட்டுக்காரர்களில் யாரும் முழு நாவலைப் படித்தவரில்லை. ஆனால் முழு நாவலும் ஒரு பிசிறில்லாமல் அந்தக் கூடத்தில் எங்கள் முன்னால் வந்து நின்றது. ஒரே ஓர் இடத்தில் ஒருவர் தடுமாறினார். பாவு பிணைக்கிறவர் ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார், கதை மறுபடியும் ஓடியது. இரண்டு தடவை படித்திருந்த எனக்கு அதில் பாதி ஞாபகமில்லை. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் குழுவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நான் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பல வருஷம் கழித்து மகள் உப்பளத்துக்கு வருகிறாள். அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். மகள் எதுவும் பேசவில்லை. இன்னொரு பலகையை எடுத்து, பக்கத்துப் பாத்தியில் உப்பு வார ஆரம்பிக்கிறாள். நாவல் முடிந்துவிடுகிறது.

உடனே சண்டை. ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையே, இதெல்லாம் ஒரு மகளா என்று பெரியவர் கொதித்தார். கேட்டால் மட்டும் ஆறிவிடுமா என்று மருமகள் எதிர்த்தாள். கூடமே இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வழக்கம்போல "ஒருத்தர் சொன்னாரு" என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன்.

"எனக்கு இன்னா தோணுதுன்னா" என்றார். நாங்கள் பழகிய இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அப்படி ஆரம்பித்தார். "அவ வாயால கேக்கலீங்க. ஆனா கூட வந்து வேலையில நின்னா. அந்தம்மாவுக்கு அது போதும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் யாருக்காக அதைச் சொன்னார் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததையே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார். ஆனால் எனக்கு அது போதவில்லை. மாடியில் பத்துப் பேர் காதில் விழச் சொன்னவள், முப்பது பேர் காதில் விழத்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? எழுந்து நின்றேன். "அன்னிக்கு நான் உங்களைப் படிக்காதவன்னு சொன்னேன். அந்தப் பக்கத்தைப் படிக்காதவ நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரிக்கா, உக்காருங்க. அடுத்த புக்கு இன்னா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் மேடம் இல்லை, அக்காதான்.

இப்போது எங்கள் கூட்டம் அமாவாசைக்கு அமாவாசை நடக்கிறது. பக்க எண் சொன்னாலும் சரி, எத்தனாவது வீடு என்று சொன்னாலும் சரி, இரண்டும் செல்லும். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாவலில் நீளமான வர்ணனை வந்தால் இன்றைக்கும் என் கண் தாவத்தான் பார்க்கிறது. உடனே வாயைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிடுகிறேன், எதிரே சாம்பல் தொட்ட விரல்களோடு அவர் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு.